அம்மாவின் ஈ.பி.எஃப். காசும் எங்கள் வீட்டு உறுதியும்

வீடு வாங்கப் பெற்றவர்களோ உடன்பிறந்தவர்களோ காசு தந்தால், அந்த வீட்டில் அவர்களுக்கு என்ன உரிமை என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துவிட வேண்டும். இலங்கை மலையகத் தோட்டங்களில் பிறந்த எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். எங்கள் அம்மாமார் கையில் மிச்சப் பணம் என்று ஒன்றும் கிடையாது. அவர்கள் எடுத்துத் தருவது தங்கள் வயதுகாலத்துக் கூரையை.

2025 ஆரம்பத்தில் கொட்டகலைப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் ஒரு வீடு வாங்கினோம். பத்து பேர்ச்சஸ் காணி, மூன்று அறை, குசினி, பின்னால் மரக்கறி போட கொஞ்சம் இடம். இரண்டு பேருமே ஆசிரியர்கள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், உள்ள காணிக்குச் சொந்தக்காரர் ஆனது நாங்கள்தான் முதல் ஆட்கள்.

நம் சனம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருஷத்துக்குப் பிறகுதான் இது நடந்திருக்கிறது. 2023இல் அந்த இருநூறு வருஷத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் சனம் நடந்து வந்ததே, அந்த நடையில் கேட்கப்பட்டதில் காணியும் ஒன்று. காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள், கோப்பி நோயில் அழிந்தபிறகு தேயிலை நட்டார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நமக்கு நாடே இல்லாமல் போனது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகள் கைக்கு வந்தன, பிறகு 2045வரை குத்தகை என்று ஆனது. இத்தனை தடவை கைமாறியும் லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை, மட்டும் அதில் குடியிருப்பவர் பெயருக்கு வரவேயில்லை.

அம்மாவின் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. சாணி மெழுகிய தரைக்குச் சிமெந்து போட்டதும், ஓட்டைத் தகரத்தை மாற்றியதும், முன்னால் இஸ்தோப்பு (தாழ்வாரம்) இறக்கியதும் எல்லாம் அவர் கைக்காசில். அந்தக் காம்பராவை வங்கியில் ஈடு வைக்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், இருக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அம்மா வேலையை விட்டபோது எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. அப்பா முன்பே போய்விட்டார், அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறான், நான் பள்ளிக்கூடத்தில். யாரும் எழும்பச் சொல்லவில்லைதான். ஆனால் சொன்னால் எடுத்துக் காட்ட அம்மா கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

அவர் கையில் இருந்தது காசுதான். 1992இல் பேர் பதிந்து 2023இல் வேலையை விட்டார், 31 வருஷம். சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, 12 வீதம் தோட்டம் போடுவது என்று ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) சேர்ந்தது. பெண்களுக்கு 50 வயதில் அதை எடுக்கலாம். நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021இல்தான் என்பதை நினைத்தால், அந்த நிதி எத்தனை மெதுவாக ஊறியிருக்கும் என்று விளங்கும். ஏழு லட்சத்துச் சொச்சம் வந்தது. அதைவிடப் பணிக்கொடை தனி. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம், அதாவது 14ஐ 31ஆல் பெருக்கி 1,000 ரூபாவால் பெருக்கினால் 434,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளைக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அம்மாவுக்கு அது வந்துசேர நெடுநாள் ஆனது. தோட்டத்து ஆபிசில் வாங்கில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும். 31 வருஷம் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நேரத்துக்குப் போன மனுஷிக்கு அந்தக் காசு நேரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். விலை 60 லட்சம். வங்கி விற்கிறவர் சொல்லும் விலையைப் பார்ப்பதில்லை, தன் மதிப்பீட்டாளர் போடும் தொகையைத்தான் பார்க்கும். எங்கள் வீட்டுக்கு அவர் 54 லட்சம் போட்டார். அதில் முக்கால்வாசி, 40 லட்சத்து 50 ஆயிரம், கடனாகக் கிடைத்தது. மீதி 19 லட்சத்து 50 ஆயிரத்துக்கு நாங்கள் வழி பார்க்க வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் என்று கணக்குப் போட்டால் 239,000 ரூபா. உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம், வரைபடம், மதிப்பீட்டுச் செலவு எல்லாம் வேறு. முற்பணம் என்று சேர்க்கத் தொடங்குகிற பலர் இந்தத் தீர்வையைக் கணக்கில் எடுப்பதில்லை, கடைசி வாரத்தில் நகையோடு அடகுக்கடைக்கு ஓடுகிறார்கள். எங்கள் சேமிப்பு எட்டு லட்சம். சீட்டு எடுத்தோம். அம்மா ஏழு லட்சம் தந்தார். அண்ணன் ஆறு லட்சம் தந்தான்.

பேச வேண்டியது இந்தப் பதின்மூன்று லட்சத்தைப் பற்றித்தான்.

தீபாவளிக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தபோது சாப்பிட்டு முடிந்ததும் அண்ணி நேராகவே கேட்டார், "நாங்க தர்ற காசு சும்மா குடுக்கிறதா, கைமாத்தா, இல்ல வீட்டுல பங்கா?" அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தங்கச்சிக்கிட்ட போய் என்ன கேள்வி இது" என்றான். அம்மாவும் "இப்ப ஏம்மா அதெல்லாம்" என்றார். நான் அன்றைக்கே அண்ணிக்கு நன்றி சொன்னேன். எங்கள் வீடு வாங்கிய கதையில் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி அந்தக் கேள்விதான். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். கொழும்பில் வாடகை வீடு. ஆறு லட்சம் என்ன ஆகும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கல்யாண வீட்டில் ஆயிரம் ரூபா மொய்க்குக் கொப்பி போட்டு, ஊர், பெயர், தொகை எழுதி, அதை இருபது வருஷம் பெட்டியில் பத்திரமாக வைக்கிற சனம் நாங்கள். அதனால் யாருடைய பாசமும் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏழு லட்சம் என்றால் மட்டும் எழுதுவது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. எழுதக் கேட்கிறவர் சந்தேகப்படுகிறார் என்று மற்றவர் எடுத்துக்கொள்கிறார். இந்த வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுக்கடன் கேட்டால், முற்பணம் அப்பா அம்மா தந்தது என்றால், இது திருப்பிக் கேட்காத காசு, வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று தந்தவரிடமே கடிதம் வாங்குவார்கள். அங்கே அந்தக் கடிதம் வங்கியின் பாதுகாப்புக்கு. இங்கே நமக்கு வேண்டியது தந்தவரின் பாதுகாப்புக்கான எழுத்து.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இலங்கையில் காணி உரிமை எதையும் வாய்ப்பேச்சால் கொடுக்க முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சி வைத்து எழுத வேண்டும். "பின் அறை அம்மாவுக்குத்தான், சாகும்வரை இருக்கட்டும்" என்று எத்தனை பேர் முன்னால் சொன்னாலும் எழுத்தில் இல்லாவிட்டால் அது வெறும் நல்லெண்ணம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் காசில் வாங்கிய காணி இன்னொருவர் பெயரில் இருந்தால், காசு தந்தவர் அதை அன்பளிப்பாக எண்ணவில்லை என்று காட்ட முடிந்தால், பெயருக்குரியவர் அதை அவருக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் கொள்ளும். அப்படியானால் வழக்கு என்று வந்தால் எல்லாம் காசு தந்த நேரத்து எண்ணத்தில் வந்து நிற்கும். அந்த எண்ணத்தை அன்றைக்கே எழுதி வைத்தால் இரண்டு பக்கமும் தப்பும். கைமாத்தாக வாங்கினாலும் எழுத்து வேண்டும். வாய்ப்பேச்சுக் கடனுக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம், எழுத்தில் இருந்தால் 6 வருஷம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது பரம்பரைச் சொத்துக் கணக்கு. மலையகத் தமிழர்களுக்குத் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் கிடையாது, அது யாழ்ப்பாணத்தாருக்கு. நமக்குப் பொதுச் சட்டம். உயில் எழுதாமல் நான் செத்துப்போனால் என் சொத்தில் பாதி கணவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்கு ஒரு சதமும் இல்லை. என் கணவர் நல்ல மனிதர், அம்மாவை வெளியே அனுப்ப மாட்டார். ஆனால் அவர் மறுமணம் செய்தால்? அவரும் இல்லாமல் போய், பிள்ளைகள் விற்க நினைத்தால்? 31 வருஷத்துக் காசைப் போட்டுவிட்டு, எழுபது வயதில் அந்த மனுஷி யாருடைய தயவில் இருப்பார்?

அதனால் அம்மாவுக்குச் சீவிய உரித்து வைத்தோம். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரில். ஆனால் உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு என்று கிரய உறுதியிலேயே எழுதியாகிவிட்டது. நாங்கள் விற்றாலும் அந்த உரித்தோடுதான் விற்க முடியும், அவரே சம்மதித்து விட்டுக்கொடுத்தால் ஒழிய.

இது சுலபமாக நடக்கவில்லை. சீவிய உரித்து உள்ள காணியை ஈடு வைக்க வங்கிக்கு விருப்பமில்லை. கடைசியில், அம்மாவும் ஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டார்கள். அதன் பொருளை நான் அம்மாவுக்கு மூடி மறைக்காமல் சொன்னேன். நாங்கள் தவணை கட்டாமல் விட்டு வீடு ஏலத்துக்குப் போனால் அவருடைய உரித்தும் அதோடு போகும். அவர் யோசித்தார். "அதுக்குத்தானே ரெண்டு பேரும் வேல செய்றீங்க. மாப்புள செத்தா? நீ செத்தா?" என்று கேட்டார். கடனுக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், ஒருவர் போனால் கடன் தீரும் என்றேன். அந்தக் காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

நொத்தாரிசு எழுதிக்கொண்டு வந்த உறுதி சிங்களத்தில் இருந்தது. எழுதியது இன்னதென்று கையெழுத்திடுபவருக்கு விளங்கப்படுத்த வேண்டியது நொத்தாரிசின் கடமை. இதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் நொத்தாரிசு ஐயா முதலில் இரண்டு வசனத்தில் முடிக்கப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஐயா, என் பேரு எந்த வரியில இருக்குன்னு காட்டுங்க" என்றார். அவர் விரலை வைத்துக் காட்டினார். "அந்த வரிய தமிழ்ல சொல்லுங்க." சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பிறகுதான் கையெழுத்து. முதியோர் வகுப்பில் பழகிய எழுத்து, ஒவ்வொன்றாக, அழுத்தி. பேனா காகிதத்தின் மறுபக்கம்வரை பதிந்திருந்தது.

அண்ணனுடைய ஆறு லட்சம் கைமாத்து என்று முடிவானது. அண்ணன் சும்மாதான் தருவதாகச் சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் தன் பிள்ளைகளுக்கு வீடு பார்க்கும் நாளில் அந்தக் காசு அவனுக்கு வேண்டும். வட்டி இல்லை. திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் திகதியோடு எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைக்கிறோம். அண்ணியிடம் ஒரு பிரதி இருக்கிறது.

காசை வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குத்தான் அனுப்பச் செய்தோம். கையில் காசாக வாங்கிக்கொண்டு போய்ப் போட்டால், எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும். பத்து லட்சம் ரூபாவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் செய்தால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு விதி உண்டு. கணக்கு வழியாக வந்தால் நாளைக்கு அதுவே சாட்சியும் ஆகும். குவைத்திலும் சவூதியிலும் வேலை செய்து அனுப்புகிற அக்காமார், சித்திமாருக்கும் இதையே சொல்வேன். அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். வங்கியில் உங்கள் பெயரில் அனுப்பி, அங்கிருந்து கொடுங்கள்.

அம்மா காசு மட்டும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் நாங்கள் பார்த்த வீடு வேறு, விலையும் குறைவு. சாலை ஓரம், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. எங்களுக்குப் பிடித்துவிட்டது. அம்மா வீட்டுக்குள் போகவேயில்லை. நேரே பின்பக்கம் போனார். மலையை வெட்டித் தட்டையாக்கிய கரை ஒன்று செங்குத்தாக நின்றது. அடியில் கையை வைத்துப் பார்த்தார், மாசி மாதத்திலும் மண் ஈரம் கசிந்தது. மேலே சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. "இந்த மலை நடக்குது புள்ள, வேணாம்" என்றார். வாங்குவதாக நினைத்திருந்த எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் அறிவு ஏட்டில் படித்து வந்ததில்லை. கொழுந்து மலையில் எந்த வரிசை மழைக்கு இறங்கும் என்று 31 வருஷம் காலால் அறிந்தவர். மண்சரிவு ஆபத்துள்ள இடங்களில் கட்டிட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். கட்டி முடித்த பழைய வீட்டை வாங்குகிறவர்களும் அந்த அறிக்கையைக் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலைகள் இறங்கியதையும் பார்த்தோம். பெற்றவர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த காசைக் கொண்டுபோய்ச் சரிகிற கரையில் போடக் கூடாது.

இன்னும் தோட்டத்துக்குள்ளேயே கட்டுகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்று வந்திருப்பது பெரிய மாற்றம், இந்திய உதவித் திட்டத்திலும் அரசாங்கத் திட்டங்களிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் வீடு கைக்கு வந்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுக்கு இரண்டாம் அறை கட்ட, மாடி எழுப்ப, அம்மாவின் ஈ.பி.எஃப். காசைப் போடுகிறார்கள். உறுதி இல்லாத இடத்தில் போட்ட காசைச் சட்டப்படி அம்மாவுக்கு என்று கட்டிவைக்கக் காணி இல்லை. அப்படியானவர்களுக்கு நான் சொல்வது: உறுதி வரும்வரை முடிந்தால் பொறுங்கள். பொறுக்க முடியாது என்றால், சிமெந்துக் கடை ரசீதிலிருந்து மேசன் கூலிவரை அம்மா பெயரிலேயே பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். உறுதி வரும் நாளில் யார் பெயரில் எழுதுவது என்று பேசும்போது அந்தப் பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அம்மாவோடு சண்டை போட்டேன். பணிக்கொடைக் காசையும் சேர்த்துத் தருவதாக அவர் நின்றார். அப்படி வாங்கியிருந்தால் சீட்டு எடுக்கவே தேவையிருந்திருக்காது. நான் வாங்கவில்லை. அந்த 434,000 ரூபாவை அவர் பெயரில் நிலையான வைப்பில் போட்டோம், வாரிசாக அண்ணனையும் என்னையும் பாதிப் பாதியாக எழுதினோம். மாத வட்டி அவர் கணக்குக்கு வருகிறது. கோயில் திருவிழாவுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, பக்கத்து லயத்துக் கல்யாணத்து மொய்க்கு என்று அவரே எடுத்துச் செலவழிக்கிறார். எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை.